மாளிகைக் காட்சியும் லயத்துப் பொருளும்

பினாங்குப் பட்டணத்துச் சர்ச் வீதியில் இளம்பச்சை வண்ணம் பூசிய பெருமாளிகை ஒன்று உண்டு. இன்று அது பினாங்குப் பெரானாக்கான் மாளிகை என்னும் பெயருடன் ஒரு காட்சிச்சாலையாக விளங்குகின்றது. சில நாட்களுக்கு முன் நாம் அதனைக் காணச் சென்றிருந்தோம். நம்முடன் மூதாட்டியார் ஒருவரும் வந்திருந்தார். அவர் செபராங் பிறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டம் விற்கப்பட்டு வீட்டுமனைகளான பிறகு, பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் மகனோடு குடியிருப்பவர். அவர் அம்மாளிகையில் கேட்ட ஒரு கேள்வியே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது. ஆதலின் முதலில் மாளிகையைப் பற்றிச் சிறிது கூறிவிட்டுப் பிறகு அக்கேள்விக்கு வருவோம்.

இம்மாளிகையை எழுப்பியவர் காப்பித்தான் சுங் கெங் குவீ என்பவர். அவர் சீன தேசத்திலிருந்து இந்நாட்டுக்கு வந்து, பேராக்கில் லாரூட் ஈயச் சுரங்கங்களால் பெருஞ்செல்வம் திரட்டியவர். ஹை சான் என்னும் இரகசியச் சங்கத்தின் தலைவர். 1874-ஆம் ஆண்டு பங்கோர் உடன்பாட்டின்போது எதிரிச் சங்கத்தாரோடு சமாதானம் செய்துகொண்டவருள் அவரும் ஒருவர். ஈயத்தோடு அபினி முதலியவற்றின் வரியை வசூலிக்கும் குத்தகைகளும் அவர் கையில் இருந்தன. தம் பழைய எதிரிகளாகிய கீ ஹின் சங்கத்தார் இருந்த மனையையே வாங்கி, 1890-களில் இம்மாளிகையை எடுத்து, ஹை கீ சான் என்று பெயரிட்டார். இரும்புத் தூண்களும் கிராதிகளும் ஸ்காட்லாந்திலிருந்து வந்தன. தரை ஓடுகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. மரச் செதுக்கு வேலையோ சீனக் கைவினைஞருடையது. 1901-இல் அவர் காலமானார்.

உள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. முத்துச் சிப்பி பதித்த கருமர நாற்காலிகள், பொன்முலாம் பூசிய மறைப்புத் தட்டிகள், வண்ணப் பீங்கான்கள், நுண்மணி கோத்த பாதரட்சைகள், மணவறைக் கட்டில், நகைகள் எல்லாம் கண்ணைப் பறிக்கின்றன. இவை யாவும் பாபா, நியோஞா என்று வழங்கும் பெரானாக்கான் மக்களின் வாழ்க்கையைக் காட்டுதற்காகத் திரட்டப்பட்டவை. இங்கே நம் வாசகர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மாளிகையைக் கட்டிய காப்பித்தான் பெரானாக்கான் மரபினர் அல்லர். அங்குள்ள பொருள்களிற் பெரும்பாலன அவர் வீட்டுப் பொருள்களும் அல்ல. பிற்காலத்தில் ஒருவர் பல இடங்களில் சிதறிக் கிடந்த பொருள்களைத் தேடி, வாங்கி, பாழாய்க் கிடந்த கட்டடத்தைச் செப்பனிட்டு, அதனுள் அடுக்கி வைத்தார். சிதறிப் போன ஒரு சமூகத்துக்கு அதனால் ஒரு முகம் கிடைத்தது. இது பாராட்டத் தக்க காரியமேயன்றிப் பொறாமைப்படத் தக்கதன்று.

நாம் கூடங்கூடமாக வியந்துகொண்டு சென்றோம். மூதாட்டியார் வியக்கவில்லை. சமையற்கட்டுக்கு வந்ததும் நின்று, சுற்றிப் பார்த்து, “ஏன் தம்பி, இவ்வளவு பெரிய வீட்டைப் பெருக்கித் துடைத்தவர்களெல்லாம் எங்கே படுத்தார்கள்? அவர்கள் சாமான் ஒன்றையும் காணோமே?” என்று கேட்டார். சற்று நேரத்துக்குப் பின், “ஈயம் வெட்டியவன் மண்வெட்டி எங்கே?” என்றும் கேட்டார். நமக்கு விடை கிடைக்கவில்லை.

தோழர்களே! அம்மையார் கேட்டது அந்த ஒரு மாளிகையைப் பற்றிய கேள்வியன்று. உலகத்துக் காட்சிச்சாலைகள் எல்லாவற்றையும் பற்றிய கேள்வி அது. அதைவிட முக்கியமாக, அது நம்மைப் பற்றிய கேள்வி. வேலை வாங்கியவன் உண்ட பீங்கான் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றது. வேலை செய்தவன் உண்ட தகரத் தட்டு பழைய இரும்புக் கடையில் இருக்கின்றது. முன்னதைக் காப்பாற்றிவைக்க அவனுக்கு வீடு இருந்தது. பின்னதைக் காப்பாற்ற நமக்கு வீடு இல்லை என்பது மட்டும் காரணமா? இல்லை. அதனைக் காப்பாற்றத் தகுந்த பொருளாக நாமே மதிக்கவில்லை என்பதுதான் பெரிய காரணம். இந்த நிலைமையை மாற்றவேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

அரண்மனைகளுக்குள் உலக மக்களின் பொருள்களைச் சேர்த்து வைப்பது மேனாட்டு வழக்கம். ஆஸ்திரிய தேசத்து வியன்னா நகரில், ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்திகளின் ஹோஃப்பர்க் அரண்மனையின் ஒரு பகுதியில் 1928 முதல் அத்தகைய காட்சிச்சாலை ஒன்று இருந்து வருகின்றது. அங்கே மெக்சிக்கோ தேசத்துப் பழங்குடி மன்னர் மொக்தேசுமாவினுடையது என்று வழங்கப்படும் பச்சை இறகு முடி இருக்கின்றது. மெக்சிக்கோ மக்கள் அதனை நெடுநாளாகத் திருப்பிக் கேட்டு வருகின்றார்கள். பெர்லின் நகரத்தில் பிரஷ்ய மன்னர்களின் அரண்மனை இரண்டாம் உலக யுத்தத்தில் சேதமுற்று 1950-இல் இடிக்கப்பட்டது. அதன் பழைய முகப்பைப் போலவே மீண்டும் கட்டி, ஹம்போல்ட் மன்றம் என்று பெயர் சூட்டி, 2021-இல் இனவியல் காட்சிச்சாலையை அதற்குள் திறந்தார்கள். ஆப்பிரிக்காவின் பெனின் அரண்மனையை 1897-இல் ஆங்கிலப் படை கொள்ளையிட்டது. அங்கிருந்து சிதறிய வெண்கலப் படிமங்களிற் பல இக்காட்சிச்சாலையைச் சேர்ந்திருந்தன. அவற்றின் உரிமையை ஜெர்மனி 2022-இல் நைஜீரியாவுக்கு ஒப்புக்கொடுத்து, சிலவற்றைத் திருப்பியும் கொடுத்தது. கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இதில் தமிழனுக்குப் பங்கில்லை என்று எண்ணவேண்டாம். திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கின்றது. 1876-இல் யாகோர் என்னும் ஜெர்மானியர் அங்கே வந்து பழைய தாழிக்காட்டைத் தோண்டி, கிடைத்த பொருள்களைப் பெர்லின் காட்சிச்சாலைக்கு எடுத்துச் சென்றார். நம் முன்னோர் தம் இறந்தோருடன் வைத்துப் புதைத்த இரும்பும் மண்கலமும் அந்நிய அரசனுடைய தலைநகருக்குச் சென்றன. அக்காலத்தில் அந்த ஊர்க்காரன் ஒருவனாவது அவற்றின் மதிப்பை அறிந்து தடுத்தான் என்று நாம் கேள்விப்பட்டதில்லை.

சென்னைக்கு வருவோம். எழும்பூர்க் காட்சிச்சாலை 1851-இல் தொடங்கி, 1854-இல் பாந்தியன் என்னும் மாளிகைக்கு மாறியது. கும்பினியார் காலத்தில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் விருந்துக்கும் நடனத்துக்கும் கூடிய இடம் அது. நம் பாமர மக்கள் அக்காட்சிச்சாலைக்குச் ‘செத்த காலேஜ்’ என்று பெயர் வைத்தார்கள். நகைப்புக்கு வைத்த பெயராயினும் அதில் உண்மை உண்டு. 1885 முதல் 1908 வரை அதன் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் துரை, அளவுகோலும் இடுக்கியும் கையிலெடுத்து நம் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். இன்ன ஜாதியானுக்கு இவ்வளவு அகல மூக்கு என்று அட்டவணை எழுதினார். 1909-இல் தென்னிந்திய ஜாதிகளையும் குடிகளையும் பற்றி 7 பாகங்களில் நூல் வெளியிட்டார். வயநாட்டில் அவரைக் கண்ட பணியர் குலப் பெண்கள் ஓடி ஒளிந்தார்களாம். தங்களுள் நல்லவராகச் சிலரைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னைக் காட்சிச்சாலையில் நிறுத்திவிடுவார் என்று அவர்கள் பயந்தார்கள் என்பதாக அவரே வேடிக்கையாக எழுதி வைத்திருக்கின்றார்.

அவருக்கு அது வேடிக்கை. நமக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை. அந்தப் பெண்களின் அச்சத்தில் ஒரு தெளிவு இருந்ததென்றே நாம் கருதுகின்றோம். தன்னைப் பற்றித் தான் சொல்லாதவனைப் பிறன் அடைத்து வைத்துத்தான் காட்டுவான். அளந்து வைத்துத்தான் எழுதுவான். ஒருவனுடைய கத்தியை மற்றவன் எடுத்துக் காட்டினால் ‘கூலிகள் உபயோகித்த ஆயுதம்’ என்று சீட்டு எழுதுவான். அவனே எடுத்து வைத்தால் ‘என் தாய் இதனால் நான்கு பிள்ளைகளை வளர்த்தாள்’ என்று எழுதுவான். பொருள் ஒன்றே, சீட்டு எழுதும் கை வேறு. காட்சிச்சாலையின் சூட்சுமம் முழுவதும் அந்தச் சீட்டில் அடங்கியிருக்கின்றது.

நிற்க. பினாங்கையே எடுத்துக்கொள்வோம். இப்பட்டணம் மலாக்காவுடன் சேர்ந்து 2008-இல் உலக மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. அன்று முதல் சுவருக்குச் சுவர் மரபு பேசப்படுகின்றது. நல்லது. ஆனால் இம்மரபில் தமிழன் எங்கே நிற்கின்றான்? வீதிப் பெயரில் நிற்கின்றான். சூலியா வீதி இருக்கின்றது. வணிகத்திலும் வழிபாட்டிலும் நிற்கின்றான். 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833-இல் எழுந்த குவீன் வீதி மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. சாப்பாட்டுக் கடையிலும் நிற்கின்றான். ஆனால் உழைப்பிலே அவன் நின்ற இடங்களைக் காட்டுவார் அரியர்.

ஃபார்க்குவார் வீதியில் செயிண்ட் ஜார்ஜ் ஆலயம் வெள்ளைத் தூண்களுடன் நிற்கின்றது. 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட அதனை எழுப்பியது இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு. 1802-இல் மருது சகோதரர்களின் கிளர்ச்சியிற் பிடிபட்ட எழுபதுக்கு மேற்பட்டவர்களைக் கும்பினியார் கப்பலேற்றி அனுப்பியதும் இத்தீவுக்குத்தான். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களுள் ஒருவர். தீவுக்கு எதிரே ஜெரஜாக் தீவு இருக்கின்றது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த கூலிமக்களை நோய்க்குப் பயந்து அடைத்து வைத்த இடம் அது. நம்மில் எத்தனை பேருடைய பாட்டன் பாட்டிமார் மலாயா மண்ணில் முதல் இரவைக் கழித்தது அங்கேதான்! ஆயினும் தோட்டத்துப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று இடத்தைக் காட்டிய ஆசிரியரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

அந்த ஆலயத்தின் அருகிலேயே இருப்பது மாநிலக் காட்சிச்சாலைக் கட்டடம். 1965-இல் காட்சிச்சாலையாவதற்கு முன் அது பினாங்கு இலவசப் பள்ளிக்கூடத்துக்காகக் கட்டப்பட்டது. அப்பள்ளி தோன்றியது 1816-இல். அவ்வாண்டே அங்கே தமிழ் வகுப்பும் தொடங்கியது. இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கம் அதுவே என்று கொண்டுதான் 2016-இல் இருநூறாம் ஆண்டு விழா எடுத்தோம். மேடை போட்டோம், மாலை சூட்டினோம். ஆனால் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் உடைந்த சிலேட்டுப் பலகை ஒன்றையாவது, பழைய வருகைப் பதிவேடு ஒன்றையாவது தேடி எடுத்தோமா? எத்தனை தோட்டங்களில் பள்ளி இடம் மாறிய நாளில் அப்பதிவேடுகள் மழையில் நனைந்து கிடந்தன என்பதை அங்கே படித்தவர்களே சொல்வார்கள்.

இவ்வாறு நாம் எழுதினால் சில கனவான்கள் நான்கு விதமான ஆட்சேபணைகளைக் கொண்டுவருவார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, “கூலி வாழ்க்கையை எடுத்துக் காட்டுவது வெட்கமல்லவா? மறக்கவேண்டியதை ஏன் கிளறவேண்டும்?” என்பது. வெட்கம் யாருக்கு என்று நாம் திருப்பிக் கேட்கின்றோம். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, நிரைக்கு நடந்து நூற்றுக்கணக்கான மரம் சீவி, பால் சுமந்து வந்தவனுக்கு வெட்கமா? 1920-களின் இறுதியில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, அதே மரத்தை அதே கத்தியால் சீவும் பெண்ணுக்கு 40 காசு என்று கூலி வகுத்தவனுக்கு வெட்கமா? அபினிக் குத்தகைப் பணத்தில் மாளிகை கட்டியவர் வெட்கப்படவில்லை. அவருடைய உருவத்துக்கு இன்றும் மரியாதை நடக்கின்றது. உழைத்து உண்டவன் மட்டும் தன் வாளியைக் கட்டிலின் கீழ் ஒளித்து வைக்கவேண்டுமாம்! இது எந்த நியாயம்?

இரண்டாவது, “நமக்கு என்ன குறைவு? நாம் கடாரம் கொண்ட பரம்பரை அல்லவா? காட்டுவதானால் சோழனைக் காட்டுவோம்” என்பது. கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றது. 1025-இல் இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்துக்கு வந்தது உண்மையே. ஆனால் அந்தக் கப்பலில் துடுப்பு வலித்தவன் பெயர் எந்த மெய்க்கீர்த்தியிலும் இல்லை. நம் பாட்டன் வந்தது சோழன் கப்பலிலும் அன்று. கங்காணி கையிற் சீட்டோடு, கப்பலின் மேல்தட்டில் ஆடுமாடுகளைப் போல் நெருங்கி உட்கார்ந்து வந்தான். வாராத அரசனை வாயிற் போட்டுக்கொண்டு, வந்த பாட்டனை மறந்துவிடுவது பெருமையாகுமா? இன்னொன்றும் சொல்வோம். அப்பழம்பெருமையையாவது நாம் காத்தோமா? பினாங்குக்கு எதிர்க்கரையில் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண்ணிட்ட பழைய கோயிலின் அடித்தளம், நிலம் திருத்தும் வேலையில் இயந்திரங்களால் தள்ளப்பட்டது 2013-இல் வெளியாயிற்று. இடிந்த பிறகே பத்திரிகைகளிற் கூக்குரல் எழுந்தது. வாயால் கடாரம் கொள்ளுகிறவர்களுக்குக் கல்லைக் காக்கத் தெரியவில்லை!

மூன்றாவது, “அரசாங்கம் செய்யட்டும்” என்பது. அரசாங்கத்தைக் கேட்பது நம் உரிமை, கேட்கத்தான் வேண்டும். வரி கொடுத்தவர்கள் நாம். ரப்பர் இந்நாட்டைத் தாங்கிய காலத்தில் ரப்பரைத் தாங்கியவர்கள் நாம். ஆனால் அரசாங்கம் கட்டடம் தரலாம். பொருளை எங்கிருந்து எடுக்கும்? நம் வீட்டுக் கொட்டடியிலிருந்துதானே? அதற்குள் நாம் அதனைப் பழைய சாமான்காரனுக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டால், நாளை மந்திரி வந்து நாடா வெட்டும்போது உள்ளே வைக்க என்ன இருக்கும்? மெழுகுப் பொம்மை ஒன்று இருக்கும். அதன் கையில் தவறான கத்தியைக் கொடுத்திருப்பார்கள். அதைத் தவறென்று சொல்லக்கூடிய கிழவி அப்போது உயிரோடு இருக்கமாட்டாள்.

நான்காவது, “பணம் எங்கே?” என்பது. இதற்கு நீண்ட விடை வேண்டியதில்லை. ஒரு கலியாண மண்டபத்தின் ஓர் இரவுப் பூ அலங்காரத்துக்கு நாம் எவ்வளவு கொடுக்கின்றோம் என்பதை வாசகர்கள் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். தவிரவும், நாம் கேட்பது மாளிகையை அன்று. லயத்துப் பொருளுக்கு லயமே போதும்.

இது வெறும் கனவன்று. இலங்கையில் கம்பளைக்கு அருகில் தேயிலைத் தோட்டம் ஒன்றில், நூறாண்டுக்கு மேற்பட்ட லயன் அறைகளையே செப்பனிட்டு, 2007 முதல் மலையகத் தொழிலாளரின் காட்சிச்சாலையை நடத்தி வருகின்றார்கள். அங்கே அரசன் வீட்டுக் கட்டில் இல்லை; கொழுந்துக் கூடையும், கவ்வாத்துக் கத்தியும், அடுப்பும் அம்மியும் இருக்கின்றன. மொரீசியசுத் தீவில், 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய நம்மவர் ஏறிய கற்படிகளைக் காத்து வைத்தார்கள். அந்த ஆப்பிரவாசிக் கட்டம் 2006-இல் உலக மரபுப் பட்டியலில் ஏறிற்று. படிக்கட்டும் பழைய கொட்டடியும் உலகச் சின்னமாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? சிங்கப்பூரில் 2015-இல் இந்திய மரபு நிலையம் திறக்கப்பட்டது. பினாங்கிலேயே தம் கைப்பொருளைச் செலவிட்டு இந்தியர் வீட்டுப் பழம்பொருள்களைத் திரட்டி வைத்திருப்பாரும் உண்டு. அவர்களை நாம் மனமார வாழ்த்துகின்றோம். ஆனால் தனி மனிதன் ஒருவனுடைய ஆசையின் மேல் ஒரு சமூகத்தின் நினைவு முழுவதையும் சுமத்துவது அறமாகாது.

இனி, நம் லயத்துக் காட்சிச்சாலையில் வைக்கவேண்டியவை யாவை என்பதைச் சொல்வோம்.

பால்வெட்டுக் கத்தியை முதலில் வைக்கவேண்டும். அதனோடு மங்கும், வாளியும், தோளிற் காய்ப்பு ஏற்றிய காண்டாக் கம்பும் வரும். மரத்தைக் காயப்படுத்தாமல் மெல்லிய பட்டையை மட்டும் சரிவாகச் சீவி எடுப்பது கைத்திறன். அதனைக் கூலி வேலை என்று சொன்னார்களே தவிரக் கலை என்று எவரும் சொல்லவில்லை. நியோஞாப் பெண் மணி கோத்தது கலையானால், நம் பெண் இருட்டில் தலைவிளக்கோடு பட்டை சீவியதும் கலைதான். அந்தக் கத்தியை அவள் எப்படித் தீட்டினாள், எந்தக் கோணத்தில் பிடித்தாள் என்பதை அவள் கையாலேயே செய்துகாட்டச் சொல்லிப் படம் பிடித்து வைக்கவேண்டும்.

பெரட்டுக்குத் தட்டிய தண்டவாளத் துண்டையும், செக்ரோல் புத்தகத்தையும் வைக்கவேண்டும். ஆயாக்கொட்டகையில் சேலைத் தொட்டில் கட்டிய கயிற்றையும் வைக்கவேண்டும். தாய் நிரையில் நிற்கையில் பிள்ளை எங்கே அழுதது என்பது அதனால் விளங்கும். ராஜூலாக் கப்பலின் பயணச் சீட்டு யாரிடமேனும் இருந்தால் அதுவும் வேண்டும். அதன் பக்கத்திலேயே சிவப்பு அடையாள அட்டை ஒன்று இருக்கவேண்டும். குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்னும் சட்டம் 1969-இல் தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தபோது, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பலரும் அந்த அட்டையின் நிறத்தால் வேலையிழந்து, தாம் காணாத ‘தாய்நாட்டுக்கு’க் கப்பலேறினார்கள்.

ஒரு சைக்கிள் அவசியம் இருக்கவேண்டும். சைக்கிளில் என்ன விசேஷம் என்று இளைஞர்கள் கேட்கலாம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது. இதற்குத் துருப்புகள் வந்தன, துப்பாக்கி வெடித்தது, ஐவர் மாண்டனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடுகடத்தப்பட்டார். சைக்கிளைவிட்டு இறங்காமல் போவது ஓர் உரிமை என்பதற்காக உயிர் கொடுத்த மக்களின் பேரர்கள் நாம். பொன்முலாம் பூசிய எந்தத் தட்டி இந்தக் கதையைச் சொல்லும்?

நமக்குப் பெருமை தருவனவற்றை மட்டும் வைத்து, சிறுமை தருவனவற்றை மறைத்துவிடவும் கூடாது. அப்படிச் செய்தால் நம் காட்சிச்சாலையும் மற்றொரு மாளிகையாகிவிடும். கங்காணியின் கடன் கணக்கு வேண்டும், அவனும் தமிழனே. கள்ளுக்கடைக் குவளை வேண்டும். அதன் பக்கத்தில், 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கு எதிராக எழுந்த தொண்டர் படையின் வரலாறு வேண்டும். ஒரே கப்பலில் வந்து, ஒரே லயத்தில் தங்கி, ஒரே துரையிடம் திட்டு வாங்கியும், இன்ன ஜாதியானுக்குத் தனிக் குவளை என்று நாம் பிரித்து வைத்தோமே, அந்தக் குவளையும் வேண்டும். தர்ஸ்டன் துரை மூக்கை அளந்ததற்குக் கோபிக்கின்ற நாம், பெண் கொடுக்கும்போது அதே அளவுகோலைக் கையில் எடுப்பதையும் சேர்த்துக் காட்டவேண்டும்.

காலம் அதிகமில்லை. தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விற்கப்பட்டு, செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்படுகின்றன. இடிக்கிறவன் பொருளைப் பொறுக்கி வைக்கமாட்டான். பட்டணத்து அடுக்குமாடியில் வாளி வைக்க இடமில்லை என்று பிள்ளைகள் சொல்கின்றார்கள். அவர்களைக் குறை கூறவும் நம்மால் முடியவில்லை. ஆனால் பொருளைவிட விரைவாகப் போவது ஆள். கத்தி ஐம்பது ஆண்டு துருப்பிடித்தும் கிடக்கும். அதைப் பிடித்த கையின் கதை ஒரு நள்ளிரவில் போய்விடும்.

ஆகையால் தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள நம் வாசகர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பெரிய சபை கூடும்வரை காத்திராதீர்கள். உங்கள் வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றை எடுங்கள். ஒரு சீட்டில் இது யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டுவரை, எதற்குப் பயன்பட்டது என்று எழுதிக் கட்டுங்கள். வீட்டு முதியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவருக்கு இதனை ஒரு பாடமாக வைக்கலாம். பள்ளியில் ஓர் அலமாரி ஒதுக்கலாம். வாசகசாலைகளும் தொழிற்சங்கக் கிளைகளும் ஒரு சுவரை ஒதுக்கலாம். அலமாரிகள் பத்து நிரம்பினால், இடிக்காமல் மிஞ்சியுள்ள லயம் ஒன்றை எங்களுக்கு விடுங்கள் என்று அரசாங்கத்தின் முன்னும் தோட்டக் கம்பெனியின் முன்னும் சென்று கேட்க நமக்கு வாய் உண்டாகும். வெறுங்கையோடு போனால், ‘என்ன வைக்கப் போகிறீர்கள்?’ என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள்.

மாளிகையைவிட்டு வெளியே வந்தபின் நாம் மூதாட்டியாரிடம், “அம்மா, உங்கள் பால்வெட்டுக் கத்தி இருக்கின்றதா?” என்று கேட்டோம். “இருக்கிறது தம்பி. தூக்கிப் போடச் சொல்லி மகன் சத்தம் போடுகிறான். எனக்குத்தான் மனசு வரவில்லை” என்றார். அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்றோம். பழைய சாக்குத் துணியிற் சுற்றி வைத்திருந்த கத்தியை எடுத்துத் தந்தார். அவர் சொல்லச் சொல்ல, அவருடைய பேரப்பெண் சீட்டு எழுதினாள். பெயர், தோட்டம், பிரிவு, ஆண்டு எல்லாம் எழுதி முடித்த பிறகு, “கடைசியாக என்ன எழுதட்டும், பாட்டி?” என்று அவள் கேட்டாள். “இடது கைக்காரிக்கு அடித்த கத்தி என்று எழுது. இல்லாவிட்டால் பிறகு பார்க்கிறவர்களுக்குப் புரியாது” என்றார் அவர்.